பெயர் சுரண்டிய பல் அச்சு

அணில் என்று அவளுக்குப் பெயர் வைத்தது அம்மாதான். பேனா மூடி, பென்சில் நுனி, சட்டைக் காலர், தலையணை உறை என்று எது கைக்கு எட்டினாலும் அது நேராக வாய்க்குள் போகும். கொறித்துக் கொறித்தே பள்ளிக்கூடத்தைத் தாண்டினாள். அப்பேர்ப்பட்ட பிள்ளைக்குப் பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது தெருவே சிரித்தது. "பின்ன வேற எங்க போவா எம்பொண்ணு?" என்று அம்மா தன் பள்ளி வேனின் ஹாரனை விடாமல் அடித்துத் தெருவைக் கூட்டிவிட்டாள். அம்மா வேன் ஓட்டுகிறவள். அப்பா கப்பலில் சமையல் வேலை. வீட்டுக்கு வருவது அபூர்வம். ஆகவே வீட்டில் சந்தோஷமோ சண்டையோ, ஹாரன் சத்தம்தான்.

அந்த வேனின் படியில் தடுக்கி விழுந்துதான் சின்ன வயதில் அணிலின் முன்பல் ஒன்றின் மூலை உடைந்தது. கல்லூரியில் அவளோடு படித்த அத்தனை பேருக்கும் அந்த மூலைமீது ஒரு கண். "ஒரு தடவை குடுடி, அடைச்சுப் பழகிக்கிறேன்" என்று வரிசையில் நிற்பார்கள். பழகுவதற்குப் பல் கிடைக்காத கூட்டம், பாவம். அணில் கொடுக்க மாட்டாள். "என் பல்லு என்ன உங்களுக்குப் பரிசோதனைக் கூடமா?" என்பாள். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த உடைந்த மூலை பின்னால் வரும்.

இரண்டு வருடம் பொம்மைத் தலைகளோடு மல்லுக்கட்டினார்கள். ரப்பர் முகம், பிளாஸ்டிக் பல். எங்கே குத்தினாலும் கத்தாது. மூன்றாம் வருடத்தில்தான் உயிருள்ள நோயாளி. நாற்காலிகள் குறைவு என்பதால், தேறினவர்களில் முந்தினவர்களுக்கு மட்டும் சிகிச்சைக் கூடத்தில் ஆளுக்கொரு நாற்காலி ஒதுக்குவார்கள். படுக்கிற நாற்காலி, தலைக்குமேல் விளக்கு, பக்கத்தில் துப்புகிற கிண்ணம். அந்த நாற்காலியில் ஒட்டப்போகிற தன் பெயருக்காகத்தான் அணில் அத்தனை பாடும் பட்டாள். அது இல்லாவிட்டால் வருடம் வீண். கூடப் படித்தவர்கள் டாக்டராகிப் போகும்போது இவள் மறுபடியும் பொம்மைத் தலைக்கு முன்னால் உட்கார வேண்டும்.

அந்த வருடத் தொடக்கத்தில் அவளுக்கு உடம்பில் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. காலையில் எழுந்தால் நெற்றிப்பொட்டு தெறித்தது, தைலம் தேய்த்தாள். காதோரம் குத்தியது, சொட்டு மருந்து விட்டாள். கழுத்து பிடித்தது, தலையணையை மாற்றினாள். சாப்பாடு இறங்கவில்லை, விடுதிச் சமையல்காரரைத் திட்டினாள். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் ஒன்றும் ஏறவில்லை. கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டாள். அம்மாவின் பெயர் போனில் மின்னினால் எடுக்கப் பிடிக்கவில்லை. அதற்கு மட்டும் மருந்து தெரியாமல் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

வெட்கக்கேட்டைக் கேளுங்கள். அதே மாதம் பரீட்சையில், தூக்கத்தில் பல் கடிப்பதைப் பற்றிய கேள்விக்கு வகுப்பிலேயே பிரமாதமான பதில் எழுதினவள் இவள்தான். 'காலையில் தாடை வலிக்கும், காதோரம் குத்தும், நெற்றிப்பொட்டு தெறிக்கும், பல் நுனிகள் தேய்ந்து மழுங்கும். மன அழுத்தம் முக்கியக் காரணம்' என்று அழகாகப் பிரித்துப் பிரித்து எழுதியிருந்தாள். துறைத் தலைவர், எல்லாரும் பெரிய மேடம் என்று கூப்பிடுகிறவர், அதை வகுப்பில் வாசித்தே காட்டினார். கைதட்டல் வாங்கிக்கொண்டு நேராக அறைக்கு வந்த அணில், தலையைச் சாய்த்துக் காதில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டாள். படித்ததெல்லாம் அடுத்தவர் வாய்க்குத்தான் என்று நினைப்பு!

அம்மாவும் வாரம் தவறாமல் போனில் ஒரே வேதம் ஓதினாள். "இன்னும் கொஞ்ச நாளுதான்டி. பல்லக் கடிச்சுக்கிட்டு முடிச்சிரு."

எல்லா அம்மாவும் சொல்கிற சொல்தான். அணிலும் "சரிம்மா" என்றாள்.

அவளோடு ஒரே அறையில் இருந்தவளுக்கு வக்கீல் என்று பட்டப்பெயர். அவளும் அதே வகுப்பு. சாப்பிட்டதும் குளியலறைக்கு ஓடி, குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவுவது அவள் பழக்கம். வாயைத் திறந்தால் எதிராளி கையைத் தூக்கிவிடுவான். விடுதியில் தண்ணீர் வராவிட்டால் வார்டனிடம் வாதாடுவது அவள். தாமதமாக வந்தவளுக்காக வாட்ச்மேனிடம் வாதாடுவது அவள். விடுதி வாசலில் படுத்திருக்கும் நாய்க்காகக்கூட ஒருமுறை வாதாடி, அதற்குப் படிக்கு அடியில் இடம் வாங்கிக் கொடுத்தாள். தனக்காக மட்டும் அவள் எதையும் கேட்டு யாரும் பார்த்ததில்லை. அதை அப்போது எல்லாரும் பெருந்தன்மை என்றார்கள்.

அந்த நாட்களில் அச்செடுக்கும் பயிற்சி நடந்தது. இருவர் இருவராக, ஒருத்தி வாயில் இன்னொருத்தி அச்செடுக்க வேண்டும். பொடியைத் தண்ணீரில் குழைத்து, கூழ் பதத்தில் ட்ரேயில் நிரப்பி, வாய்க்குள் வைத்து அழுத்திப் பிடிப்பார்கள். இறுகும்வரை வாயில் ட்ரேயோடு இருப்பவள் பேச முடியாது. பிறகு அதை உருவி, அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டரை ஊற்றினால் பல்வரிசை அப்படியே வெள்ளையாக நிற்கும். அச்சின் அடியில் யாருடைய பல் என்று கத்தி நுனியால் பெயரைக் கீறிவிட வேண்டும். முதலில் அணில் உட்கார்ந்தாள், வக்கீல் எடுத்தாள். அடுத்து வக்கீலின் முறை வந்தபோது அவள் நழுவினாள். "எனக்குக் குமட்டும்டி. வேற யாரையாவது பிடி" என்று பக்கத்து மேஜைக்காரியைத் தள்ளிவிட்டாள். சரி, குமட்டுகிறவர்கள் உலகத்தில் உண்டுதானே? அணில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிளாஸ்டர் காய்ந்ததும் வக்கீல் அச்சை விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏய் அணில், இது உன் பல்லா, இல்ல அறுபது வயசு ஆளோட பல்லா? கோரைப்பல் நுனி எங்கடி போச்சு?"

"என்ன?"

"இங்க பாரு. மொழுக்குனு இருக்கு. ராத்திரி உன் வாய்க்குள்ள மாவு மில்லு ஓடுது. இவ்வளவு நாளா நீ காதுக்கு மருந்து விட்டுக்கிட்டு இருக்கே!"

"எனக்கென்ன ஸ்ட்ரெஸ்ஸு? எல்லாரும்தான் படிக்கிறாங்க. நான் மட்டும் என்ன ஸ்பெஷலா?"

சொல்லி முடிக்கவில்லை, பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். கையில் தன் பல்லைத் தானே பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் விடுதி மொட்டை மாடியில், யாரிடமும் சொல்லாததை எல்லாம் வக்கீலிடம் கொட்டினாள். பொம்மைத் தலையில் வேலை செய்யும்போது வலது கை நடுங்குகிறது, யாருக்கும் தெரியாமலிருக்கச் சுண்டுவிரலைத் தாடையில் ஊன்றிச் சமாளிக்கிறாள். போன வருடம் வாய்மொழித் தேர்வின் நடுவில், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவள் திரும்பிப் போகவே இல்லை. அம்மாவிடம் பிரமாதமாகச் செய்ததாகச் சொல்லிவிட்டாள். பிறகு மறுதேர்வில் தேறிவிட்டாலும், அந்தப் பொய்யை மட்டும் திருத்தவே இல்லை.

"இதை யார்கிட்டயும் சொல்லாத."

"என் தலையே போனாலும் சொல்ல மாட்டேன். போதுமா?" என்றாள் வக்கீல்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வக்கீல் அவளைத் தாங்கினாள். பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்து அணிலின் அச்சைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கு அளவாக ஒரு பல் காப்பு செய்து, ஓரங்களைத் தேய்த்து வழவழப்பாக்கி, "தூங்கறப்ப மாட்டிக்கோ, இனிமே கடிச்சா இதைக் கடி" என்று கொடுத்தாள். 'உதடு சேரலாம், பல்லு சேரக்கூடாது' என்று துண்டுக் காகிதத்தில் எழுதி கண்ணாடியிலும் புத்தக அட்டையிலும் கதவின் தாழ்ப்பாளிலும் ஒட்டினாள். அதைப் பார்க்கும்போதெல்லாம்தான் அணிலுக்குத் தெரிந்தது, பகலில்கூடத் தான் தாடையை இறுக்கிக்கொண்டே இருப்பது. படிக்க வேண்டியதில் எது இன்றைக்கு, எது நாளைக்கு என்று பிரித்து வைத்தார்கள். சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி நடந்தார்கள். நடக்கும்போது படிப்பைப் பற்றிப் பேசினால் மற்றவளின் துணியைத் துவைக்க வேண்டும் என்று சட்டம். முதல் வாரம் முழுக்க அணில்தான் துவைத்தாள். மாலைக் காபி நின்றது. கல்லூரி ஆலோசகரிடம் கையைப் பிடித்து இழுத்துப் போனதும் வக்கீல்தான். "நீங்க சோம்பேறி இல்லம்மா, களைச்சுப் போயிருக்கீங்க" என்று அந்த அம்மாள் சொன்னபோது அணிலுக்கு ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

மெல்ல மெல்லக் காது குத்தல் நின்றது. சாப்பாடு ருசித்தது, சமையல்காரர் பிழைத்தார். கை நடுக்கமும் அடங்கியது. நாற்காலிப் பட்டியல் ஒட்டியபோது, சன்னலோரத்து நாற்காலிக்கு நேராக அணிலின் பெயர். வக்கீலுக்கு அந்தச் சுற்றில் கிடைக்கவில்லை, காத்திருப்போர் வரிசையில் முதல் ஆளாக இருந்தாள். "உனக்குக் கிடைச்சா எனக்குக் கிடைச்ச மாதிரிடி" என்று அணிலைக் கட்டிக்கொண்டாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அப்புறம் வந்தது அந்த விழிப்புணர்வு நாள். மாணவர்களின் மன அழுத்தத்தைப் பற்றி மாணவர்களே மேடையில் பேச வேண்டும். வக்கீல் பெயர் கொடுத்திருந்தாள். என்ன தலைப்பு என்று கேட்டால், "போய் உக்காரு, வந்து பாரு" என்றாள். அணில் முன்வரிசையில் இடம் பிடித்து, கைதட்டக் காத்திருந்தாள்.

திரையில் முதல் படம் விழுந்தது. ஒரு பல் அச்சு. வெள்ளை பிளாஸ்டர், மழுங்கின கோரைப்பல், மூலை உடைந்த முன்பல்.

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. பிறகு ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. வேறெந்தக் கல்லூரியாக இருந்தாலும் தப்பித்திருக்கலாம். இது பல் மருத்துவக் கல்லூரி ஐயா! முகம் மறந்தாலும் பல் மறக்காத கூட்டம். அந்த மூலையை அடைத்துத் தருகிறேன் என்று வரிசையில் நின்ற கூட்டம்.

"இது ஒரு மாணவியோட பல். பேர் சொல்லப் போறதில்ல" என்று ஆரம்பித்தாள் வக்கீல். தடங்கல் இல்லாத பேச்சு. கை நடுக்கத்தைச் சொன்னாள். சுண்டுவிரல் தந்திரத்தைச் சொன்னாள். வாய்மொழித் தேர்விலிருந்து எழுந்து போனதைச் சொன்னாள். பெற்ற தாயிடம் சொன்ன பொய்யைச் சொன்னாள். அணில் எழுந்து ஓட நினைத்தாள், முன்வரிசையிலிருந்து ஓட வழி இல்லை. மொட்டை மாடியில் தான் அழுத அழுகையை மைக்கில் கேட்பது எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. வக்கீல் சற்றுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்போதே அவளுக்குச் சத்தமெல்லாம் தூரமாப் போயிடும். விரல் நுனி சில்லுனு ஆயிடும். ஓரத்துல இருந்து கண்ணு இருட்டிக்கிட்டு வரும். கொஞ்ச நேரத்துக்கு எங்க இருக்கோம்னே தெரியாது. முடிஞ்சதும் வெளிய ஓடிப் போய் வாந்தி எடுப்பா. மூஞ்சியைக் கழுவிட்டு, சிரிச்சுக்கிட்டே திரும்பி வருவா."

அடிப்பாவி, இது எப்போது நடந்தது? அணிலுக்கு ஒருநாளும் கண் இருட்டியதில்லை. வாந்தியும் எடுத்ததில்லை. 'இது நான் இல்லை' என்று எழுந்து கத்த வாய் வந்தது. கத்தினால் மிச்சமெல்லாம் நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வாயை மூடிக்கொண்டாள். பல் பல்லோடு அழுந்தியது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெரிய மேடம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் அணில் அவளை மறித்தாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணே?"

"நான் பேரு சொன்னேனா? அச்சோட அடியில இருந்த பேரைக்கூடச் சுரண்டி எடுத்துட்டேன். நாலு பேருக்கு உபயோகப்படட்டுமேன்னுதான்..."

"எவடி உன்கிட்ட உபயோகம் கேட்டா? நம்பித்தானே சொன்னேன்!"

வக்கீலிடம் அதற்கும் பதில் இருந்தது. கேட்க அணில் நிற்கவில்லை.

மறுநாள் பெரிய மேடம் கூப்பிட்டனுப்பினார். பேச்சு அன்பாகத்தான் இருந்தது. இந்தப் பருவம் ஓய்வெடு, நாற்காலி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை கருவிகளைக் கழுவிச் சுத்திகரிக்கும் அறையில் இரு என்றார்.

"மேடம், கை நடுங்கினது நிஜம். இப்ப இல்ல. ஆனா கண்ணு இருட்டினது நான் இல்ல மேடம், சத்தியமா."

"மறைக்கத் தோணும்மா. அதுவும் இதோட அறிகுறிதான்."

என்ன பதில் சொல்வீர்கள் இதற்கு? ஆமாம் என்றாலும் நோயாளி, இல்லை என்றாலும் நோயாளி. அச்சைப் பார்த்துத் தீர்ப்பெழுதினார்கள், ஆளைக் கூப்பிட்டு என்னம்மா என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சன்னலோர நாற்காலி, வரிசையில் அடுத்து நின்றவளுக்குப் போனது. அடுத்து நின்றவள் யாரென்றுதான் உங்களுக்குத் தெரியுமே. அணிலின் பெயர்மேல் அவள் பெயரை ஒட்டினார்கள்.

மேடம் அணிலின் வீட்டுக்கும் போன் போட்டிருந்தார். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு அம்மா வேனை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். குழந்தைகள் உட்காருகிற குட்டி இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நல்லா பண்ணேன்னு சொன்னியேடி. வேன்ல அத்தனை புள்ளைங்களுக்கும் மிட்டாய் குடுத்தேன். எங்கிட்டயே பொய்யா?" அம்மாவுக்குக் குரல் உடைந்தது. அணிலால் நிமிர முடியவில்லை. தன்னை ஒருத்தி ஏமாற்றிய வலியோடு, தான் ஒருத்தியை ஏமாற்றியதும் சேர்ந்து உட்கார்ந்திருந்தது.

"மன்னிச்சிரும்மா. நீ சந்தோஷமா இருந்தே. அதைக் கெடுக்க வாய் வரல."

அம்மா மூக்கைச் சிந்தினாள். "சரி விடு. கண்ணு இருட்டுதாமே, அது எப்ப இருந்து?"

"அது நான் இல்லம்மா."

"அப்புறம் யாரு?"

அம்மா சும்மாதான் கேட்டாள். அணிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், அப்புறம் யார்? ஓரத்திலிருந்து இருட்டும், விரல் நுனி சில்லிடும் என்பதையெல்லாம் உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்ய முடியுமா? குமட்டும் என்று வாயைத் திறக்க மறுத்தவள் யார்? சாப்பிட்டதும் குளியலறைக்கு ஓடிக் குழாயைத் திறந்துவிடுகிறவள் யார்?

புறப்படும்போது அம்மா பழக்க தோஷத்தில், "கொஞ்ச நாளுதான்டி, பல்லக்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். "வேணாம். கடிக்காத. கஷ்டமா இருந்தா எனக்குப் போன் போட்டுக் கத்து. ஹாரனே அடிச்சுக் காது மரத்துப் போச்சு எனக்கு, தாங்கிக்குவேன்."

அணில் அறைக்குத் திரும்பியபோது, வக்கீல் குளியலறையிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாந்தி எடுத்தியா?"

"சாப்பாடு சரியில்ல."

"கண்ணு இருட்டறது உனக்குத்தானே?"

வக்கீல் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"என்னைப் பத்தின்னா மேடையில வாய் வராதுடி. உன் அச்சுக்குப் பின்னால நின்னப்ப எல்லாம் தானா வந்துருச்சு."

அந்தக் கணத்தில் அணிலுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது, நிஜமாகவே வந்தது. "வா, மேடம்கிட்ட போய் நீயே சொல்லு. நானும் கூட வரேன்" என்றாள்.

"சொன்னா நாற்காலி போயிடும்."

"எனக்குப் போச்சே!"

"உனக்குத்தான் ஏற்கெனவே போயிடுச்சே. ரெண்டு பேருக்கும் போய் யாருக்கு என்ன லாபம்?"

வந்த இரக்கம் வந்த வழியே போய்விட்டது. பாருங்கள், எவ்வளவு சுத்தமான வாதம்! நாய்க்காகப் பேசின அதே வாய்.

"பேஷண்ட் வாய்க்குள்ள டிரில் ஓடும்போது இருட்டிச்சுன்னா என்னடி பண்ணுவே?"

"இருட்டாது. நான் பாத்துக்கறேன்."

அணில் தன் பல் காப்பை எடுத்து வக்கீலின் மேஜைமேல் வைத்தாள். அந்தக் கை செய்ததை இனி வாயில் வைக்க முடியாது. படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போனாள். காலையில் நெற்றிப்பொட்டு மறுபடியும் தெறித்தது. இந்தத் தடவை தைலத்தைத் தேடவில்லை. நேராக ஆலோசகரிடம் போய், தாடை மறுபடி இறுகுகிறது என்று சொன்னாள். புதுக் காப்பை அவளே செய்துகொண்டாள். அச்செடுத்துக் கொடுத்தவள் பக்கத்து மேஜைக்காரி. கையில் வாங்கியதும் அச்சைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

மேடத்தின் அறை வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினாள். மறைக்கிறவள் என்று பெயரெடுத்தவள் சொன்னால் பொறாமை என்பார்கள். அதைவிட, ஒருத்தியின் ரகசியத்தை இன்னொருத்தி எடுத்துச் சொல்வது எப்படிக் குத்தும் என்று அவளுக்குத் தெரியும். என்னைக் கேட்டால் அன்றைக்கே போட்டு உடைத்திருக்க வேண்டும் என்பேன். நோயாளியின் வாய் என்ன விளையாட்டுச் சாமானா? அணிலுக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால்தான் கழுவுகிற வேலையைக் கூடத்தைப் பார்த்த கண்ணாடிச் சன்னல் பக்கம் மாற்றிக்கொண்டு, சன்னலோர நாற்காலியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள்.

அன்று அந்த நாற்காலியில் படுத்திருந்தது ஒரு பேருந்து நடத்துநர் அம்மாள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். உட்காரும்போதே கூடம் முழுக்கக் கேட்கும்படி தன் கடைவாய்ப் பல்லைத் திட்டிக்கொண்டிருந்தவர், வாயில் பஞ்சு வைத்த பிறகுதான் ஓய்ந்தார். வக்கீல் டிரில்லை எடுத்தாள். சன்னலுக்கு இந்தப்புறம் இடுக்கிகளை அடுக்கிக்கொண்டிருந்த அணில் பார்த்தாள். வக்கீலின் தோள் அசையவில்லை. தலை லேசாகத் தொங்கியது. டிரில்லின் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

அணில் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். ஒரு கையால் வக்கீலின் மணிக்கட்டைப் பிடித்து வாயிலிருந்து விலக்கினாள். மறு கையால் அவளைச் சாயாமல் தாங்கினாள். டிரில்லின் மிதிகட்டையை அவள் காலடியிலிருந்து காலால் தட்டிவிட்டாள். சத்தம் நின்றது. இடுக்கிகள் தரையில் விழுந்த ஓசையில் கூடமே ஏற்கெனவே திரும்பியிருந்தது, பெரிய மேடம் ஓடி வந்தார்.

"நீ ஏன் உள்ள வந்தே? என்ன நடக்குது இங்க?"

வக்கீலுக்கு நினைவு திரும்பியிருந்தது. வெளிறிய முகத்தோடு மேடத்தைப் பார்த்தாள், அணிலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"தெரியல மேடம். திடீர்னு வந்து என் கையைப் பிடிச்சுட்டா. அவளுக்குத்தான் ஏதோ..."

தாங்கிப் பிடித்த கை இன்னும் அவள் முதுகில்தான் இருந்தது. அணில் அதை எடுத்துக்கொண்டாள். அன்று மேடையில் பட்டதைக் காட்டிலும் இது வலித்தது. அன்றைக்கு அச்சைக் காட்டிச் சொன்னாள், இன்றைக்கு முகத்தைப் பார்த்தே சொல்கிறாளே!

மேடம் அணிலைத்தான் முறைத்தார். அப்போது நாற்காலியில் படுத்திருந்த நடத்துநர் அம்மாள் "ம்ம்! ம்ம்!" என்று கையை ஆட்டத் தொடங்கினார். யாரும் கவனிக்கவில்லை. கைப்பிடியில் ஓங்கித் தட்டினார். மேடம் குனிந்து அவர் வாயிலிருந்த பஞ்சை எடுத்ததுதான் தாமதம்.

"ஏம்மா, கண்ணு இருக்கா உங்களுக்கு? இந்தப் பொண்ணுக்குக் கண்ணு சொருகிப் போச்சு! அந்தப் பொண்ணு ஓடி வந்து புடிக்கலேன்னா என் கன்னம் கிழிஞ்சிருக்கும். புடிச்சவளையே முறைக்கிறீங்க! நல்ல நியாயம்டா சாமி!"

அவர் பேருந்தில் கடைசி இருக்கைவரை கேட்கிற குரல் அது.

மேடம் வக்கீலைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நாடி பார்த்தார். பிறகு விளக்கை இழுத்து, "வாயைத் திற" என்றார். வக்கீல் தலையை ஆட்டினாள். "திறம்மா." திறந்தாள். மேடம் வாய்க்கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார், நிறைய நேரம் பார்த்தார். மேல்பற்களின் உட்புறம் அடிக்கடி எடுத்த வாந்தியின் அமிலத்தில் அரித்திருந்தது, கோரைப்பல் இரண்டும் கட்டையாகத் தேய்ந்திருந்தன. அணிலின் பல் அதற்கு எவ்வளவோ தேவலை.

"அன்னைக்கு மேடையில சொன்னது உன் கதையா?"

வக்கீல் வாதாடவில்லை. கண்ணிலிருந்து நீர் காதோரம் இறங்கியது.

மேடம் அணில் பக்கம் திரும்பினார். "நான் உன்னைக் கேட்டிருக்கணும்" என்றார்.

"நான் சொன்னேன் மேடம். நீங்கதான் அறிகுறின்னு சொல்லிட்டீங்க" என்றாள் அணில். மேடம் முகம் சிவந்தது. சன்னலோர நாற்காலியில் ஒட்டியிருந்த வக்கீலின் பெயரைத் தானே கிழித்தார். அடியில் பாதி கிழிந்த நிலையில் அணிலின் பெயர் தெரிந்தது. வக்கீலை டாக்டரிடமும் ஆலோசகரிடமும் தானே அழைத்துப் போவதாகச் சொன்னார். அதற்கு முன்னால் பல் காப்புக்கு யாராவது அச்செடுங்கள் என்றார்.

ஒருத்தரும் நகரவில்லை. பக்கத்து மேஜைக்காரிகூடத் தரையைப் பார்த்தாள். கடைசியில் அணில்தான் பொடியை எடுத்துக் குழைத்தாள். தடுப்புத் திரையை இழுத்து மூடினாள். ட்ரேயில் நிரப்பி வக்கீலின் வாய்க்குள் வைத்து, விரலால் அழுத்திப் பிடித்தாள். வக்கீலுக்குக் குமட்டல் வரவே இல்லை.

"மூக்கால மூச்சு விடு" என்றாள் அணில். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தினாள்.

"இப்ப உன்னால பேச முடியாது. அதனால நான் பேசறேன். என்கிட்ட சொல்லியிருந்தா நான் தாங்கியிருப்பேன்டி. நீ எனக்குச் செஞ்சதெல்லாம் உனக்குச் செஞ்சிருப்பேன். துணிகூடத் துவைச்சிருப்பேன். நீ என்னைத் திரையில போட்டே. உன்னோடதையும் என் தலையில கட்டினே. இன்னைக்குத் தாங்கிப் பிடிச்ச கையையே காட்டிக் குடுத்தே. இந்த அச்சை நான் யாருக்கும் காட்ட மாட்டேன். உன் பேரை அடியில எழுதி உன் கையில குடுத்துருவேன். ஆனா இனிமே என் வாயில இருந்து ஒரு வார்த்தை உனக்குக் கிடைக்காது."

வக்கீலின் கண் அவளையே பார்த்தது. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. கையைத் தூக்கி அணிலின் மணிக்கட்டைப் பிடித்தாள். அணில் உதறவில்லை, இறுகும்வரை அசையாமல் நின்றாள்.

இறுகியதும் ட்ரேயை உருவினாள். அச்சு துல்லியமாக வந்திருந்தது. வக்கீல் வாயைத் துடைத்துக்கொண்டு, அவசரமாகப் பேசத் திறந்தாள்.

"அணில், நான்..."

அணில் தண்ணீர்க் குவளையை அவள் கையில் வைத்தாள்.

"கொப்பளிங்க" என்றாள், முன்பின் தெரியாத நோயாளியிடம் சொல்கிற மாதிரி. பிறகு திரையை விலக்கிக்கொண்டு, பஞ்சில்லாத வாயோடு இன்னும் திட்டிக்கொண்டிருந்த நடத்துநர் அம்மாளின் பல்லைப் பார்க்கச் சன்னலோர நாற்காலிக்குப் போனாள்.